வெட்டச் சொன்னது நான்தான்

நம் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு,

பிள்ளைகள் என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. நம்மில் பாதிப் பேருக்கு முட்டி வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை. ஆனாலும் டத்தோ கிராமாட்டில் அந்த எட்டு வீட்டு வரிசையில் வளர்ந்தவர்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் நம் கைப்பேசிக் குழுவில் கடைசி வீட்டு அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். இப்போது இருக்கும் வீட்டில் அவர் வைத்த மாமரம் வளர்ந்து கரண்டுக் கம்பியைத் தொடுகிறது. இந்த வெயிலுக்கும் இந்த மழைக்கும் மரத்தை வருஷத்துக்கு எத்தனை தடவை வெட்டிவிட வேண்டும் என்று கேட்டிருந்தார். நீங்கள் எல்லோரும் பதில் எழுதினீர்கள். ஒரு தடவை போதும் என்றார் ஒருவர். மழைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றார் இன்னொருவர். "வேரோட எடுத்துட்டு சிமெண்டு போட்டுருங்கண்ணே, காடி நிறுத்தலாம்" என்று ஒரு தம்பி எழுதினார். அதைப் படித்து நானும் சிரித்தேன்.

அதற்குக் கீழே ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "வெட்டுறதுக்கு முன்னாடி வீட்டுல யாராச்சும் முழுகாம இருக்காங்களான்னு பாத்துக்குங்க. மூணாவது வீட்டு மாமா கதை ஞாபகம் இருக்குல்ல?"

சிலர் அழுகிற முகம் போட்டார்கள். சிலர் கைகூப்பினார்கள்.

மூன்றாவது வீடு எங்கள் வீடு. அந்த மாமா என் அம்மாவின் தம்பி. குழுவில் நான் பேசுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காலை வணக்கம் போட்டால் பதிலுக்கு ஒரு பூ போடுவேன், அவ்வளவுதான். அன்று மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அழித்துவிட்டேன். அதனால்தான் இதைத் தாளில் எழுதி, மகளிடம் கொடுத்து அடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மாமரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முன்வாசல் சின்னதுதான், மரம்தான் பெரியது. வலது பக்கக் கிளை வாசலைத் தாண்டி எங்கள் தகரக் கூரைமேல் படுத்து, பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டியின் கூரைவரை போயிருந்தது. அந்தக் கிளையின் அடியில்தான் மாமா லாரி டியூபில் ஊஞ்சல் கட்டியிருந்தார். நீங்கள் எல்லோரும் அதில் ஆடியிருக்கிறீர்கள். வெயிலில் டியூப் சுடும், கால்சட்டையில் கறுப்பு ஒட்டும், ரப்பர் வாசனை சோறு சாப்பிடும்போதும் கையில் இருக்கும். மாமா மோட்டார் பட்டறையில் வேலை செய்தார். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார், முன் அறையில் பாய் போட்டுப் படுப்பார். நான் பேசாத பிள்ளை என்பதால் என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டால் அழுவேன். அவர் கூப்பிட்டால் அழமாட்டேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை. மரம் வெட்டுவது அவருடைய தனி வேலை, யாரையும் தொடவிட மாட்டார். வருஷத்துக்கு இரண்டு தடவை. பழம் முடிந்ததும் பெரிய வெட்டு. உள்ளே அடைசலாக இருக்கும் கிளைகளை எடுத்துக் காற்றும் வெளிச்சமும் போக வழி செய்வார். பிறகு தீபாவளிக்கு முன்னால், பெரிய மழை பிடிப்பதற்குள், கூரைமேல் வந்ததை மட்டும் துறட்டியால் இழுத்துக் கழிப்பார். நம் ஊர்க் காற்று எப்படி என்று தெரியும் அல்லவா? விடியற்காலையில் கடல் பக்கமிருந்து திடீரென்று வரும், அரைமணி நேரம் ஆட்டிவிட்டுப் போய்விடும். அந்த அரைமணிக்காகத்தான் வெட்டுவது என்பார் அப்பா.

பெரிய கிளையை அறுக்கும்போது அப்பா முதலில் அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுப்பார். பிறகுதான் மேல்பக்கம். அப்படிச் செய்யாவிட்டால் கிளை தன் கனத்தில் முறிந்து மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும். வெட்டி முடித்ததும் அம்மாவின் வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்துப் போய் வெட்டிய இடத்தில் பூசுவார். "என் வெத்தலைக்கு இல்லாட்டியும் பரவால்ல, மரத்துக்கு வேணும்" என்று அம்மா சொல்லிக்காட்டுவார். பச்சை மரத்தில் அந்த வெள்ளை வட்டங்கள் தூரத்திலிருந்தே தெரியும்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் அப்பா வெட்டவில்லை.

அம்மா அப்போது முழுகாமல் இருந்தார். எனக்குப் பிறகு இரண்டு தடவை தங்கி, இரண்டும் கலைந்துபோயிருந்தன. மூன்றாவது இது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வீட்டு ஆண்பிள்ளை மரம் வெட்டக் கூடாது, முடி வெட்டக் கூடாது என்பது நம் வரிசையில் எல்லா வீட்டிலும் இருந்த பேச்சுதான். ஆனால் அப்பா அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னால் இரண்டு தடவையும் அவர் மரத்தை வெட்டியிருந்தார். அது அவருக்குள் முள்ளாகக் கிடந்தது.

"இவ வயித்துல இருக்கும்போதும் வெட்டுனீங்கதானே?" என்று அம்மா என்னைக் காட்டிக் கேட்டார்.

"அப்ப மரம் சின்னது" என்றார் அப்பா.

"அப்ப பாவமும் சின்னதா?" என்று மாமா உள்ளேயிருந்து கேட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

பழம் முடிந்தது. பெரிய வெட்டு இல்லை. அப்பாவின் முடி காதை மூடியது, தாடி நெஞ்சுக்கு வந்தது. "என்னா மச்சான், தாடியும் மரமும் போட்டி போட்டு வளருது" என்பார் மாமா. துறைமுகத்தில் அவரைச் சாமியார் என்று கூப்பிட்டார்களாம். இலை விழுந்து லொங்காங் அடைத்துக்கொண்டு, வாசலில் கறுப்புச் சாக்கடைத் தண்ணீர் தேங்கி நின்றது. சீன ஆண்ட்டி விளக்குமாற்றோடு வந்து மலாயில் திட்டிவிட்டுப் போவார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு, வயிற்றைக் காட்டி, இன்னும் மூன்று மாதம் என்று விரல் காட்டுவார். ஆண்ட்டிக்கும் அது புரியும். அவர்கள் வீட்டிலும் அந்தச் சமயத்தில் ஆணி அடிக்கமாட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே எங்கள் பக்கத்து இலையையும் அவரே கூட்டிவிட்டுப் போவார்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா எனக்குத் துணி எடுக்க லிட்டில் இந்தியாவுக்குக் கூட்டிப் போனார். கிளம்பும்போது தன் சிவப்புச் செருப்பில் காலை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். பிறகு அப்பாவின் ஜப்பான் சிலிப்பரை, நீலப் பட்டை போட்டதை, மாட்டிக்கொண்டார். பெரிய சிலிப்பர். நடக்கும்போது டப் டப் என்று அடித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. திரிஷா ரிக்‌ஷாவில் ஏறியதும் என் பாவாடையை இழுத்து அவர் காலை மூடப் பார்த்தேன்.

துணிக்கடையில் அம்மாவால் நிற்க முடியவில்லை. கடைக்காரத் தம்பி ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்.

"அக்கா, காலு ரொம்ப வீங்கியிருக்கே. டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"இது நீர் தம்பி. வயித்துப் பிள்ளைக்காரிக்கு இருக்கிறதுதான்."

"முகம்கூட ஊதியிருக்குக்கா."

"தீபாவளிக்கு அழகாத் தெரியணும்ல" என்று அம்மா சிரித்தார்.

எனக்கு மஞ்சளில் பச்சைக் கரை வைத்த பாவாடைத் துணி எடுத்தார். கல்லாவுக்குப் போகும் வழியில் கைக்குழந்தைச் சட்டைகள் தொங்கின. அம்மா ஒரு வெள்ளைச் சட்டையை விரலால் தொட்டார். வாங்கவில்லை. பிறக்கும் முன் வாங்கக் கூடாது. வீட்டுக்கு வந்து சிலிப்பரைக் கழற்றியபோது அதன் பட்டை அம்மாவின் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. நான் அதை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, எழவில்லை. மாவில் விரல் வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு குழி போட்டேன். விளையாட்டாக நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் மழை பிடித்துக்கொண்டதால் அம்மா கிளினிக்குக்குப் போகவில்லை. அப்பாவுக்கும் லீவு கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் விடியற்காலையில் ஒரு காற்று அடித்தது. அந்தக் கிளை கூரைத் தகரத்தில் உரசி, தூக்கித் தூக்கிப் போட்டது. சரியாக அதன் அடியில்தான் அம்மா கட்டில் போட்டுப் படுத்திருந்தார். காலையில் நான் வாசலில் நின்று பார்த்தேன். கிளை மரத்தில் சேரும் இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. என் சுண்டுவிரல் நுழையும் அளவு.

அப்பாவிடம் சொல்லப் பயம். அம்மாவிடம் சொல்லக் கூடாது. மத்தியானம் மாமா சாப்பிட வந்தபோது அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"மாமா, இது அம்மா மேல விழுந்துரும்."

"அட, ஊமைக்கோட்டான் பேசுது!"

"வெட்டுங்க மாமா."

"உங்கப்பா என்னை வெட்டுவாரு."

"அம்மா செத்துருவாங்க மாமா." சொல்லிவிட்டு அழுதேன்.

மாமா நிமிர்ந்து அந்த வெடிப்பைப் பார்த்தார். மரத்தில் ஏறி விரலை விட்டுப் பார்த்தார். சனிக்கிழமை அப்பாவுக்கு வேலை இருந்தது. அம்மா அன்று மத்தியானம் பின்கட்டில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமா பட்டறையிலிருந்து ரம்பம் கொண்டுவந்தார், நான் ஏணியைப் பிடித்தேன். ஊஞ்சலை முதலில் அவிழ்த்து என் கழுத்தில் மாலையாகப் போட்டார். "கல்யாணப் பொண்ணு" என்றார். மரத்தூள் என் தலையில், கண்ணில், வாயில் விழுந்தது. மாம்பால் வாசனை மூக்கை எரித்தது. அவசரத்தில் மாமா அடிவெட்டுப் போடவில்லை. கிளை இறங்கும்போது பட்டை ஒரு கை நீளத்துக்கு உரிந்து வந்தது.

கிளையைத் துண்டு போட்டு நகராட்சி லாரி வரும் முனைக்கு இழுத்துப்போனார். திரும்பி வந்து, அம்மாவின் தட்டிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, அப்பா பூசுவது போலவே பூசினார். உரிந்த இடம் முழுவதும் பூசினார்.

"யாருகிட்டயும் சொல்லாதே. நீதான் பேசவே மாட்டியே."

நான் பேசவில்லை. அன்று அப்பா வேலை முடிந்து வரும்போது இருட்டிவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சீன ஆண்ட்டி ஒரு தட்டு நிறையச் சிவப்புப் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்து அப்பாவின் கையில் கொடுத்தார். கூரையைக் காட்டி, "சுடா போத்தோங், பாகுஸ் லா" என்றார். வெட்டிவிட்டீர்கள், நல்லது என்று பாராட்டுகிறார். அப்பா தட்டோடு வாசலுக்கு இறங்கி மேலே பார்த்தார். வெள்ளையைப் பார்த்தார். உரிந்த பட்டையைப் பார்த்தார். அது தன் கை இல்லை என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"யாரு வெட்டுனா?"

"நான்தான் மச்சான்."

"யாரு சொன்னா உன்னை?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் ஒரு காலை வைத்திருந்தேன். ஒரே ஒரு பார்வைதான்.

"யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு."

அப்பா அடிக்கவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமை காலையில் அம்மா தலை வெடிக்கிறது என்றார். கண்ணுக்கு முன்னால் மினுக் மினுக்கென்று ஏதோ பறக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் குழாயடியில் விழுந்து கை கால் இழுத்துக்கொண்டது. மாமாதான் தூக்கிக்கொண்டு ஓடினார், உங்களில் பலர் பார்த்தீர்கள். அம்மா பிழைத்தார். தம்பி பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவனை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்களாம். அந்த வருஷம் என் மஞ்சள் பாவாடையைத் தைக்கவே இல்லை.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று மாமா ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கலக்கிக் கட்டில் பக்கம் கொண்டுபோனார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "அக்கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். டம்ளர் ஆறும்வரை நின்றார். சாயங்காலம் தன் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பெர்ரி ஏறி அக்கரைக்குப் போய்விட்டார். போகும்போது அப்பா சொன்னது ஒன்றுதான்: "வெட்டாதேன்னு நான் சொன்னேன்ல?"

நீங்களும் சொன்னீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நாம் சின்னப் பிள்ளைகள். ஊஞ்சல் போன கோபத்தில் வரிசை முழுக்கப் பாடினீர்கள், மாமா கிளையை வெட்டினார், பாப்பாவை வெட்டினார் என்று. நானும் உங்களோடு நின்றேன். வாயை மட்டும் அசைத்தேன்.

அடுத்த தை மாதம், மழை விட்டு வெயில் கொளுத்துகிற நேரத்தில், அப்பா முடி வெட்டிக்கொண்டு வந்தார். அதே நாளில் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறினார். அடிவெட்டு இல்லை, சுண்ணாம்பு இல்லை. பூவோடு இருந்த கிளைகளை எல்லாம் வெட்டித் தள்ளி, வெறும் கம்பமாக நிறுத்திவிட்டு இறங்கினார். நிழலிலேயே இருந்த பட்டையில் நேராக வெயில் விழுந்தது. இரண்டு மாதத்தில் பாளம் பாளமாக வெடித்தது. அடுத்த மழைக்குக் காளான் பூத்தது. மரம் செத்துவிட்டது. அப்பாவை நான் இப்போது குறை சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் எதையாவது வெட்டத்தானே செய்வார்.

மாமா புக்கிட் தெங்கா பக்கம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் கல்யாணத்தில் மண்டபத்துக்கு வெளியே நின்று, மொய்க்கவரை யாரிடமோ கொடுத்தனுப்பினார். அம்மா இறந்தபோது தெருமுனையில் நின்றார், வீட்டுக்குள் வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை. அவர் பக்கத்தில் போனால் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று பயந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகள் முழுகாமல் இருந்தபோது கிளினிக்குக்குத் துணைக்குப் போனேன். தாதி அவள் காலைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது, எழவில்லை. தாதியின் முகம் மாறியது. "செருப்பு எப்பயிலேர்ந்து டைட்டா இருக்கு? தலைவலி இருக்கா? கண்ணுல மின்னுற மாதிரி இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டார். பிரஷர் ஏறியிருக்கிறது, இதை விட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். மகளும் பேரனும் நன்றாக இருக்கிறார்கள்.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நாள்களை எண்ணினேன். துணிக்கடை, அதற்குப் பிறகு காற்று, அதற்கும் பிறகுதான் கிளை. சிலிப்பர் முதலில். என் விரல் அழுத்திய குழி முதலில். வீட்டில் அதைப் பார்த்த ஒரே ஆள் நான்.

அந்த வாரமே மாமாவைப் பார்க்கப் போனேன். ஆறாவது மாடியில் அடுக்குமாடி வீடு. ரொம்ப மெலிந்திருந்தார். பால்கனியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி, அதைச் செடி என்று சொல்ல முடியாது. கூரைவரை போய், இடமில்லாமல் வளைந்து, ஒற்றைக் குச்சியாகக் கொடிக்கம்பிமேல் சாய்ந்திருந்தது. அடியில் ஒரு இலை இல்லை.

"வெட்டிவிட்டாத்தானே மாமா கிளைக்கும்?" என்றேன்.

"நான் எதையும் வெட்டுறது இல்லம்மா" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். முடித்ததும் கேட்டார்:

"சிலிப்பர் எப்ப?"

"துணி எடுக்கப் போனப்ப மாமா. நீங்க வெட்டுறதுக்கு முந்தின வாரம்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு."

மறுபடி கேட்டார். "முந்தின வாரமா?"

"ஆமா மாமா. வெட்டச் சொன்னதும் நான்தானே. ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"ஒம்பது வயசுப் பிள்ளை தலையில அதைப் போடுவாங்களா?" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "அக்காவுக்குத் தெரியாமலே போச்சே" என்றார். கிளம்பும்போது கதவுவரை வந்து, "ஊமைக்கோட்டான் பேசிருச்சு" என்றார்.

போன புரட்டாசியில் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். உங்களில் யாருக்கும் நான் சொல்லவில்லை. அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, நீங்கள் கேட்டதற்கு என்னுடைய பதில் அப்பா நல்ல மனதோடு இருந்தபோது செய்ததுதான். பழம் முடிந்ததும் ஒரு தடவை, பெரிய மழைக்கு முன் லேசாக ஒரு தடவை. கம்பியைத் தொடும் கிளையை நீங்கள் தொடாதீர்கள், மின்சாரக்காரரைக் கூப்பிடுங்கள். மற்றதில் அடிவெட்டு முதலில். வீட்டில் யாராவது முழுகாமல் இருந்தால் மரத்தைப் பார்க்க வேண்டாம், அவர்கள் காலைப் பாருங்கள்.

காரியம் முடிந்து மாமாவின் வீட்டைக் காலி செய்யப் போனபோது பால்கனிக்குப் போனேன். கறிவேப்பிலை என் இடுப்பு உயரத்தில், தொட்டி தெரியாமல் அடர்ந்து நின்றது. இலைகளை விலக்கிப் பார்த்தேன். உச்சியில் ஒரு வெட்டு. அதற்குக் கீழே கிளைத்ததில் மூன்று. அதற்குப் பிறகு வந்ததில் இன்னும் ஆறேழு. எல்லாம் வேறு வேறு மாதத்தில் வெட்டியவை. ஒவ்வொன்றின் நுனியிலும், நகக்கண் அளவுக்கு, சுண்ணாம்பு தடவியிருந்தது.